மருந்துக்கு அடங்காத கேண்டிடாவும் தாவரச் சேர்மங்களும்: ஆய்வக மேசையில் சறுக்கும் இடங்கள்

கிராம்பு எண்ணெயில் நனைத்த காகித வில்லையைக் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை பூசிய அகார் தட்டில் வைத்தால், மறுநாள் காலையில் அதைச் சுற்றி அகலமாக ஒரு தெளிந்த வட்டம் தெரியும். அதே தட்டில் வைத்த, ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தின் வில்லையைச் சுற்றி எதுவும் இருக்காது; ஈஸ்ட் வில்லையை ஒட்டியே வளர்ந்திருக்கும். மருந்து தோற்ற இடத்தில் கிராம்பு வென்றது என்று எழுதத் தோன்றும். எழுதுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஃப்ளுகோனசோல் வில்லையில் இருப்பது 25 மைக்ரோகிராம். கிராம்பின் முக்கியச் சேர்மமான யூஜெனாலை 10 மைக்ரோலிட்டர் சொட்டினால் அது ஏறத்தாழ 10.7 மில்லிகிராம். நானூறு மடங்குக்கும் மேல். இதைப் போட்டி என்றே சொல்ல முடியாது.

வட்டத்தின் அகலமும் ஏமாற்றும். யூஜெனால் ஆவியாகி மூடியில் பட்டு அகார் மேலேயே இறங்கும். மேற்பரப்பில் எண்ணெய்ப் படலமாகவும் பரவும். மஞ்சளின் குர்குமின் இதற்கு நேர்மாறு. நீரில் கரையாததால் அகாருக்குள் நகராமல் வில்லைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிடும். ஆக, பெரிய வட்டம் என்றால் சேர்மம் நன்றாகப் பரவியது. வட்டமே இல்லையென்றால் பரவவில்லை. ஈஸ்ட்டை அடக்கும் திறன் இரண்டிலும் மறைந்தே கிடக்கிறது. நூறு சாறுகளிலிருந்து பத்தைப் பொறுக்குவதற்குக்கூட வில்லைச் சோதனையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நேராக, வெவ்வேறு செறிவுகளைத் திரவ ஊடகத்தில் சோதிக்கும் 96 குழித் தட்டுக்குப் போய்விடலாம்.

எந்த ஈஸ்ட், எந்த எதிர்ப்பு

மருந்து எதிர்ப்பு என்று ஒரே சொல்லில் அடக்கினாலும் உள்ளே நடப்பது பலவகை. ஃப்ளுகோனசோல் தாக்குவது, பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பின் தயாரிப்பில் ஈடுபடும் ஒரு நொதியை. அதன் மரபணு இஆர்ஜி11. அதில் மாற்றம் வந்தால் மருந்து சரியாக ஒட்டாது. கேண்டிடா ஆரிஸில் ஒய்132எஃப், கே143ஆர் என்ற மாற்றங்கள் அடிக்கடி தென்படுகின்றன. இன்னொரு வழி, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுவது. சிடிஆர்1, சிடிஆர்2, எம்டிஆர்1 ஆகியவை அந்த வேலையைச் செய்யும் இறைப்பான்கள். செல்சுவரைத் தாக்கும் எக்கினோகாண்டின் வகை மருந்துகளுக்கான எதிர்ப்பு பெரும்பாலும் எஃப்கேஎஸ் மரபணுக்களில் வருகிறது. கேண்டிடா குரூசிக்கு ஃப்ளுகோனசோல் எதிர்ப்பு பிறவியிலேயே உண்டு.

இது தெரியாமல் சோதித்தால் முடிவுக்குத் தவறான பெயர் விழும். ஓமத்தின் தைமால், கார்வக்ரால் போன்ற பீனால்கள் செல்சவ்வைக் குலைப்பவை. அவற்றுக்கு இஆர்ஜி11 மாறியிருந்தாலும் ஒன்றுதான், மாறாவிட்டாலும் ஒன்றுதான். எதிர்ப்புள்ள இனத்திலும் இல்லாத இனத்திலும் ஒரே குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு (ஈஸ்ட் வளராமல் நிற்கும் மிகக் குறைந்த செறிவு; இனி எம்ஐசி) வருவதை ‘எதிர்ப்பை முறியடித்தது’ என்று எழுதுகிறார்கள். தாக்குமிடம் வேறு என்பதால் எதிர்ப்பு குறுக்கே வரவில்லை, அவ்வளவே. மரமஞ்சளின் பெர்பெரின் அப்படியல்ல. இறைப்பான்கள் வெளியேற்றக்கூடிய சேர்மம் அது. அதைச் சோதிப்பவர் இறைப்பான் மிகுந்த இனம் ஒன்றையும் இறைப்பான் நீக்கிய இனம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே நோயாளியிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த, எதிர்ப்பு வழி தெரிந்த இணை இனங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. சண்டிகரில் முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் உள்ள நோய்ப்பூஞ்சைகளுக்கான தேசியச் சேமிப்பகத்தை நாடலாம்.

கேண்டிடா ஆரிஸ் என்று சொல்லி ஆய்வு செய்வதானால் அது ஆரிஸ்தானா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். 2009இல் டோக்கியோவில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட இந்த ஈஸ்ட், 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக அவசர வகுப்பில் இருக்கிறது. பழைய தரவுத்தளத்தோடு ஓடும் தானியங்கிக் கருவிகள் இதைக் கேண்டிடா ஹீமுலோனி என்று காட்டும். சர்க்கரைப் பயன்பாட்டுப் பட்டைகள் ரோடோடொருலா என்றுகூடச் சொல்லிவிடும். மால்டி-டாஃப் (புரதங்களின் நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) அல்லது ஐடிஎஸ் (டிஎன்ஏவின் ஓர் அடையாளப் பகுதி) வரிசை இல்லாமல் ஆரிஸ் என்று பெயரிட வேண்டாம். இன்னொரு தொல்லையும் உண்டு. ஆரிஸின் சில இனங்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு, வொர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் எவ்வளவு ஆட்டினாலும் பிரியாது. கலங்கலை வைத்து செல் எண்ணிக்கையைக் கணித்தால் கணக்கு தப்பும். நுண்ணோக்கியில் ஒரு சொட்டு பார்த்துவிட்டுத் தொடங்குவது பின்னால் வரும் பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

ஸ்டாக் கரைசலில்தான் பாதிப் பிழை

எண்ணெய் வகைச் சேர்மங்களைப் பிப்பெட்டில் அளந்தால் முனையில் ஒட்டிக்கொள்வது போக மீதிதான் குழாய்க்குள் போகும். சிறு கண்ணாடிக் குப்பியைத் தராசில் வைத்து எடைபோட்டு எடுப்பதே சரி. யூஜெனாலின் அடர்த்தி 1.067, 102.4 மில்லிகிராம் வேண்டுமென்றால் 96 மைக்ரோலிட்டர். அதோடு 904 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ (நீரிலும் கலக்கும் கரைப்பான்) சேர்த்தால் மி.லி.க்கு 102.4 மில்லிகிராம் உள்ள ஸ்டாக், அதாவது செறிவான மூலக் கரைசல், கிடைக்கும். அதை டிஎம்எஸ்ஓவிலேயே பாதி பாதியாக நீர்க்கச்செய்து பத்துக் குழாய்கள் தயாரியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 20 மைக்ரோலிட்டரை 980 மைக்ரோலிட்டர் ஆர்பிஎம்ஐ என்ற வளர்ப்பு ஊடகத்தில் கலந்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, மேலே 100 மைக்ரோலிட்டர் ஈஸ்ட் கலவை சேர்த்தால், மிக உயர்ந்த குழியில் யூஜெனால் மி.லி.க்கு 1,024 மைக்ரோகிராம். எல்லாக் குழிகளிலும் டிஎம்எஸ்ஓ ஒரே சீராக 1 சதவீதம்.

ஏன் நீரில் நீர்க்கச்செய்யக் கூடாது என்று கேட்பார்கள். எண்ணெயை நீர் ஊடகத்தில் வரிசையாகப் பாதியாக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டும், கொஞ்சம் துளியாகப் பிரியும். ஐந்தாவது குழியில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தவிர, டிஎம்எஸ்ஓவின் அளவும் குழிக்குக் குழி மாறும். 1 சதவீதத்துக்கு மேல் போனால் அதுவே சில இனங்களின் வளர்ச்சியை மந்தமாக்கும். மருந்தில்லாமல் 1 சதவீத டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள வரிசை ஒன்று தட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எண்ணெயை நீரில் கலக்க ட்வீன் 80 என்ற பால்மமாக்கியைச் சேர்ப்பவர்கள் பலர். எண்ணெய் கலங்காமல் நிற்கும், உண்மை. ஆனால் சேர்மத்தின் ஒரு பகுதி ட்வீன் துளிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். ஈஸ்ட்டைத் தொடுவது மீதிதான். சேர்த்தே ஆகவேண்டுமென்றால் இறுதியில் 0.5 சதவீதத்தைத் தாண்டாமல், எல்லாக் குழிகளிலும் ஒரே அளவாக வையுங்கள். 0.15 சதவீத அகாரைத் தாங்கியாகப் பயன்படுத்துவது இன்னொரு வழி. நீர்க்காத எண்ணெயைப் பாலிஸ்டைரீன் தட்டில் நேராக ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் இளகி மங்கலாகும். கண்ணாடி அல்லது பாலிபுரொப்பிலீன் குழாய்தான் பாதுகாப்பு.

சேர்மங்களின் ஆயுளையும் பார்க்க வேண்டும். இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு காற்றில் ஆக்சிஜனேறிச் சின்னமிக் அமிலமாகும். பாதி காலியான பழைய பாட்டிலை நம்பி ஆய்வு செய்யக் கூடாது. பூண்டின் அல்லிசின் பல்லை நசுக்கிய பிறகே நொதியால் உருவாவது. பூண்டை வேகவைத்துச் சாறெடுத்தால் நொதி போய்விடும், அல்லிசினும் வராது. குர்குமின் நிலைமைதான் பரிதாபம். சீரம் இல்லாத, பி.எச். 7.2 உள்ள கரைசலில் 37 டிகிரி வெப்பத்தில் அரைமணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் சிதைகிறது. 24 மணி நேர எம்ஐசி சோதனையில் நாம் அளப்பது குர்குமினையா, அதன் சிதைபொருள்களையா? போதாததற்கு, கடையில் ‘குர்குமின்’ என்று வாங்குவது பெரும்பாலும் மூன்று குர்குமினாய்டுகளின் கலவை.

தட்டுக்குள் நடப்பவை

அடிப்படை முறை, அமெரிக்கத் தர அமைப்பான சிஎல்எஸ்ஐயின் ஈஸ்ட் சோதனை நெறி எம்27. பைகார்பனேட் இல்லாத ஆர்பிஎம்ஐ 1640, 0.165 மோலார் மோப்ஸ் (பி.எச். மாறாமல் காக்கும் தாங்கல்), பி.எச். 7.0, 35 டிகிரி செல்சியஸ், 24 மணி நேரம். 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுக்குக் கலக்கிய ஈஸ்ட்டை 530 நானோமீட்டரில் சரிபார்த்து, 50 மடங்கும் பிறகு 20 மடங்கும் நீர்க்கச்செய்தால் மி.லி.க்கு 1,000 முதல் 5,000 செல்கள். குழியில் கலந்தபின் 500 முதல் 2,500. வளர்ச்சிக் கட்டுப்பாட்டுக் குழியிலிருந்து உடனே 10 மைக்ரோலிட்டரைத் தட்டில் பரப்பினால் 5 முதல் 25 காலனிகள் வர வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் ‘போன வாரம் 128, இந்த வாரம் 1,024’ என்று வந்து நிற்பார்கள். சவ்வைத் தாக்கும் சேர்மங்கள் செல் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆடும். செல் கூடினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறையும்.

கட்டுப்பாட்டு இனங்கள் இரண்டு: கேண்டிடா பாராப்சிலோசிஸ் ஏடிசிசி 22019 (ஏடிசிசி ஒரு நுண்ணுயிர்ச் சேமிப்பகம்), கேண்டிடா குரூசி ஏடிசிசி 6258. 24 மணி நேரத்தில் ஃப்ளுகோனசோல் எம்ஐசி முதலாவதில் 0.5–4, இரண்டாவதில் 8–64 மைக்ரோகிராமுக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைய தட்டுகள் எல்லாம் குப்பைக்கு. தாவரச் சேர்மத்துக்கென்று அதிகாரபூர்வ வரம்பு கிடையாது என்பதாலேயே தெரிந்த மருந்தின் வரம்பை ஒவ்வொரு முறையும் பார்ப்பது கட்டாயமாகிறது.

இனி ஆவி. தைமால், கார்வக்ரால், யூஜெனால், சின்னமால்டிஹைடு, சிட்ரால் எல்லாமே மூடிக்கும் குழிக்கும் இடையிலுள்ள காற்றில் ஏறி அண்டைக் குழிகளில் இறங்கும். அறிகுறி எளிது: அதிகச் செறிவு வரிசைக்குப் பக்கத்தில் உள்ள மருந்தில்லாக் குழி வளராது, தட்டின் மறுகோடியில் உள்ளது நன்றாக வளரும். சில நேரம் தட்டு முழுக்கத் தெளிந்து கிடக்கும். மாணவர் மகிழ்ச்சியோடு படம் எடுத்துக்கொண்டு வருவார். ஒட்டும் படலத்தால் குழிகளை மூடுவது, ஒரு தட்டுக்கு ஒரு சேர்மம் மட்டும் வைப்பது, உயர்செறிவுக்கு அடுத்து ஒரு வரிசை காலியாக விடுவது, வளர்ச்சிக் கட்டுப்பாட்டைத் தனித்தட்டிலும் வைப்பது ஆகியவை உதவும். ஓரக்குழிகளில் வெறும் நீர் ஊற்றி வைத்தால் ஆவியாதலால் வரும் செறிவுமாற்றமும் குறையும்.

நிறம் அடுத்த சிக்கல். குர்குமினும் பெர்பெரினும் மஞ்சள். பல இலைச் சாறுகள் பச்சை, டானின் மிகுந்தவை காவி. கருவியில் படிக்கும்போது நிறமும் படிவும் வளர்ச்சியாகத் தெரியும். ஒவ்வொரு செறிவுக்கும் ஈஸ்ட் இல்லாத ஒரு குழி வைத்து அதைக் கழிக்க வேண்டும். உயிருள்ள செல் ஒடுக்கினால் நிறம் மாறும் ரெசாசுரின் சாயத்தைச் சேர்த்தால் நீலம் இளஞ்சிவப்பாக மாறுவதை வைத்து எளிதில் படிக்கலாம் என்பார்கள். ஆனால் தாவர பாலிபீனால்கள் பலவும் தாமே ஒடுக்கிகள். ஈஸ்ட் இல்லாமலேயே ரெசாசுரினைச் சிவக்க வைக்கும். பயோஃபிலிம் (பரப்பில் ஒட்டி வளரும் செல் படலம்) சோதனையில் பயன்படும் எக்ஸ்டிடி சாயத்துக்கும் இதே ஆபத்து. சாயம் ஊற்றுமுன் குழிகளை உப்புக் கரைசலால் நன்றாக அலசுவது அங்கே இருமடங்கு முக்கியம்.

‘கொல்கிறது’ என்று எழுதுவதற்கு முன் இன்னொரு கணக்கு. 500 முதல் 2,500 செல்கள் என்றால் 200 மைக்ரோலிட்டர் குழியில் இருப்பது 100 முதல் 500 செல்கள்தான். 99.9 சதவீதம் கொல்லப்பட்டது என்று காட்ட ஆயிரத்தில் ஒன்று மிஞ்ச வேண்டும். ஐந்நூறில் அரை செல் என்று எண்ணுவது எப்படி? கொல்லும் திறனைக் காட்ட மி.லி.க்கு 1 முதல் 5 லட்சம் செல்களோடு தொடங்கி, 0, 2, 4, 8, 24 மணிகளில் எடுத்துப் பரப்பும் நேர-அழிவு வரைபடம்தான் தேவை. எடுக்கும் திரவத்தோடு சேர்மமும் தட்டுக்கு வந்து அங்கே வளர்ச்சியைத் தடுக்கும் என்பதால், பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்க்கச்செய்த தட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று குழிகளில் செய்வதும் மூன்று முறை செய்வதும் ஒன்றல்ல. வெவ்வேறு நாளில், புதிதாக வளர்த்த ஈஸ்ட்டில், புதிதாகத் தயாரித்த ஸ்டாக்கில் செய்தால்தான் அது தனித்த முறை. எம்ஐசியைச் சராசரி, திட்டவிலக்கம் என்று எழுதுவதும் பொருந்தாது. இரட்டிப்பு அளவுகோலில் பெருக்கல் சராசரியோ அதிகம் வந்த மதிப்போ தர வேண்டும்.

கூட்டுச் சிகிச்சை என்ற நம்பிக்கை

தாவரச் சேர்மம் தனியாகப் போதாவிட்டாலும் ஃப்ளுகோனசோலுக்குத் தோள்கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் வலு இருக்கிறது. பெர்பெரினும் ஃப்ளுகோனசோலும் சேர்ந்து ஃப்ளுகோனசோல் எதிர்ப்புள்ள கேண்டிடா அல்பிகன்ஸை அடக்குவதைச் சீன ஆய்வுக் குழுக்கள் 2006 முதல் காட்டி வந்திருக்கின்றன. இதை அளக்கும் முறை சதுரங்கத் தட்டு: குறுக்கே ஒரு சேர்மம், நெடுக்கே இன்னொன்று. நான்கு மடங்குச் செறிவில் ஒவ்வொன்றும் 50 மைக்ரோலிட்டர், ஈஸ்ட் 100 மைக்ரோலிட்டர். ஃப்ளுகோனசோலை நீரிலேயே கரைத்தால் டிஎம்எஸ்ஓ மொத்தம் 1 சதவீதத்துக்குள் நிற்கும்.

கணக்கு இப்படி. தனியாக ஃப்ளுகோனசோல் எம்ஐசி 64, கூட்டில் 4. தனியாக பெர்பெரின் 128, கூட்டில் 32 என்று வைத்துக்கொள்வோம். 4/64 கூட்டல் 32/128, அதாவது 0.0625 + 0.25 = 0.3125. இந்தக் குறியீடு 0.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் கூட்டு வலிமை, 0.5க்கு மேல் 4 வரை பாதிப்பில்லாத நிலை. 4க்கு மேல் எதிர்மறை. 0.75 வந்ததை ‘பகுதிக் கூட்டு வலிமை’ என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடலாம். நுண்குழிச் சோதனையில் ஒரு குழி முன்பின் ஆவது இயல்பான பிழை. இரண்டு சேர்மங்களும் ஒவ்வொரு குழி இறங்கினாலே குறியீடு 1 ஆகிவிடும். இரண்டும் இரண்டு குழி இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் 0.5 வைக்கப்பட்டது.

சறுக்கும் இடங்கள் இங்கே மூன்று. ஃப்ளுகோனசோல் போன்ற அசோல் மருந்துகளில் 50 சதவீதத் தடுப்பைப் படிப்பது வழக்கம். தாவரச் சேர்மத்தில் முழுத் தடுப்பைப் படிப்பார்கள். சதுரங்கத் தட்டில் இரண்டையும் கலந்தால் குறியீட்டுக்குப் பொருளே இல்லை. ஏதாவது ஒரு அளவைத் தேர்ந்து தட்டு முழுக்க அதையே வையுங்கள். அடுத்து, ஆவியாகும் சேர்மம் பக்கத்துக் கூட்டுக் குழிகளுக்குப் பரவிப் பொய்யான கூட்டு வலிமையைக் காட்டும்; மருந்து மட்டும் உள்ள குழிகளுக்குப் போனாலோ உண்மையான கூட்டு வலிமையை மறைக்கும். தனிச்சேர்ம வரிசைகளைத் தனித்தட்டுக்கு மாற்றுங்கள். மூன்றாவது, எண்ணின் பொருள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 64 என்பது 4 ஆனது பதினாறு மடங்கு இறக்கம், படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அல்பிகன்ஸுக்கு ஃப்ளுகோனசோல் உணர்திறன் எல்லை 2 மைக்ரோகிராம். 4 என்பது அளவைக் கூட்டினால் மட்டுமே பலன் தரக்கூடிய இடைநிலை. அதுவும் பெர்பெரின் 32 மைக்ரோகிராம் அங்கே இருந்தால்.

இருக்குமா என்பதுதான் கேள்வி. ஃப்ளுகோனசோல் வாய்வழி கொடுத்தால் 90 சதவீதத்துக்கு மேல் உடலுக்குள் போகிறது. பெர்பெரின் ஒரு சதவீதம்கூடத் தேறாது. குர்குமின் நாளுக்கு 8 கிராம் விழுங்கியவர்களின் இரத்தத்தில் தைவான் ஆய்வு ஒன்று கண்டது சராசரியாக 1.77 மைக்ரோமோலார், அதாவது மி.லி.க்கு 0.65 மைக்ரோகிராம். யூஜெனாலுக்கு உணவு வழியாக ஏற்கத்தக்க தினசரி அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம்; 60 கிலோ உள்ளவருக்கு 150 மில்லிகிராம். அது முழுவதும் சிதையாமல் 3 லிட்டர் பிளாஸ்மாவிலேயே தங்கிவிட்டது என்று நடக்காததை நடந்ததாக வைத்துக்கொண்டாலும் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம்தான். கேண்டிடாவில் அதன் எம்ஐசியோ பெரும்பாலும் சில நூறுகளில். இரத்தத்தில் பரவிய கேண்டிடாவுக்குக் கிராம்பு மருந்தாகாது என்பதற்கு விலங்குச் சோதனைகூட வேண்டாம். இந்த வகுத்தல் போதும்.

இதனால்தான் இத்துறையில் ஒரு வரம்பு இருக்கிறது. சாறு என்றால் மி.லி.க்கு 1 மில்லிகிராமுக்கு மேலும், தூய சேர்மம் என்றால் 0.1 மில்லிகிராமுக்கு மேலும் சோதிப்பதில் பயனில்லை. உண்மையில் ஆர்வம் தருவது சாறுக்கு 100, தூய சேர்மத்துக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே. எண்ணெய்ப் பீனால்களில் பெரும்பாலானவை இந்த வரம்பில் தேறாதவை. ஊடகத்தில் 50 சதவீத மனிதச் சீரம் சேர்த்து மறுபடி பார்த்தால் தேறியவற்றிலும் சில கழன்றுவிடும், ஆல்புமினில் ஒட்டிக்கொள்வதால்.

தோலிலும் வாயிலும் கணக்கு மாறும்

பூசும் இடத்தில் நிலைமை வேறு. யூஜெனால் 500 மைக்ரோகிராம் என்பது 0.05 சதவீதம், வாய் கொப்பளிக்கும் நீரிலோ களிம்பிலோ எளிதில் எட்டக்கூடியது. பல்செட்டின் அடியில் படரும் கேண்டிடா, தோல்மடிப்பு, மருத்துவமனைப் பரப்புகள் இவற்றில்தான் இந்தச் சேர்மங்களுக்கு இடம் உண்டு என்பது எங்கள் கருத்து. அதற்குரிய சோதனையைச் செய்ய வேண்டும். பல்செட்டுக்கு என்றால் மிதக்கும் செல்லில் எம்ஐசி எடுத்து என்ன பயன்? மி.லி.க்கு 10 லட்சம் செல்களோடு 37 டிகிரியில் 24 மணி நேரம் வளர்த்த பயோஃபிலிமில்தான் பார்க்க வேண்டும். அங்கே தேவைப்படும் செறிவு பல மடங்கு ஏறும். பெண்ணுறுப்பு ஜெல்லுக்கு என்றால் பி.எச். 7இல் மட்டும் சோதிப்பது போதாது. அந்த இடத்தின் இயல்பான பி.எச். 4 முதல் 4.5 வரை, அசோல் மருந்துகளே அமிலத்தில் பலம் குறைபவை.

நானோ எமல்ஷன் (சேர்மத்தை நுண்துளிகளாக நீரில் கலந்த பால்மம்) கட்டுரைகளைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது சேர்மம் இல்லாத வெற்று எமல்ஷனின் முடிவை. சோப்புத்தன்மையுள்ள துணைப்பொருளே ஈஸ்ட்டைக் கொன்றிருக்கலாம். நச்சுத்தன்மையில் சாப்போனின் (சோப்பைப் போல நுரைக்கும் தாவரப் பொருள்) உள்ள சாறுகளைத் தனிக் கவனத்தோடு பாருங்கள். பூஞ்சையின் எர்கோஸ்டிராலில் ஒட்டுவது நம் சிவப்பணுவின் கொலஸ்டிராலிலும் ஒட்டும். 2 சதவீதச் சிவப்பணுக் கலவையில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து 540 நானோமீட்டரில் படிக்கும் சோதனை மலிவு, பயோஃபிலிமுக்கு முன்பே அதைச் செய்துவிடலாம். எம்ஐசியிலேயே இரத்தம் கரைந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இதைப் படிக்கும் நோயாளிகளுக்கும் ஒரு சொல். பூண்டுப் பல்லையோ தேயிலைமர எண்ணெயையோ பெண்ணுறுப்பில் வைக்காதீர்கள், சளிச்சவ்வு வெந்துபோகும். சின்னமால்டிஹைடும் யூஜெனாலும் தோல் ஒவ்வாமை தரும் பொருள்களின் பட்டியலில் நெடுநாளாக இருப்பவை. பூண்டு மாத்திரை விழுங்குவதிலும் ஆஸ்திரேலியச் சோதனை ஒன்றில் தெளிவான பயன் தெரியவில்லை. தொற்று ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் திரும்பி வந்தால் வளர்ப்புச் சோதனை கேட்டுப் பெறுங்கள். எந்த இனம் என்று தெரியாமல் ஃப்ளுகோனசோலை மறுபடி மறுபடி விழுங்குவதும் எதிர்ப்பை வளர்ப்பதுதான். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பெர்பெரினைத் தொடவே வேண்டாம்; பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள்காமாலையைத் தீவிரமாக்கும்.

சேர்மம் செல்லில் எங்கே தாக்குகிறது என்று பார்க்கும் செயல்வழிச் சோதனைகளை நீட்டிச் சொல்ல அவசியமில்லை. ஊடகத்தில் எர்கோஸ்டிரால் சேர்த்தால் எம்ஐசி ஏறுகிறதா, 0.8 மோலார் சார்பிட்டால் சேர்த்தால் ஏறுகிறதா என்ற இரண்டும் சவ்வா செல்சுவரா என்று ஓரளவு காட்டும். கேண்டிடா கிளாப்ராட்டாவில் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் சேர்மத்தைச் சோதிப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மைட்டோகாண்ட்ரியா இழந்த சிறுகாலனிகள் தோன்றினால் அவை அசோல் மருந்துகளுக்கு இன்னும் அடங்காதவை. கிளிசரால் மட்டும் உள்ள ஊடகத்தில் அவை வளராது, அதை வைத்துப் பிடிக்கலாம்.

தாவரத்திலிருந்து மருந்து என்று தேடும்போது இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சையையும் மறக்க வேண்டாம். 2021 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்ரெக்ஸாஃபங்கெர்ப் என்ற மாத்திரையின் மூலம் என்ஃபுமாஃபங்கின். ஜூனிப்பர் இலைக்குள் வாழும் ஒரு பூஞ்சை தயாரிப்பது. ஃப்ளுகோனசோலுக்கு அடங்காத பல இனங்களில் அது வேலை செய்கிறது. செடியை மட்டும் சாறெடுத்தவர்களுக்கு அது அகப்பட்டிருக்காது.

செடியை எடுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. நாட்டுமருந்துக் கடையில் ‘மரமஞ்சள்’ என்று கேட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையின் காசினியமும் கிடைக்கலாம், இமயமலைப் பெர்பெரிஸும் கிடைக்கலாம். இரண்டிலும் பெர்பெரின் உண்டு, அளவும் உடன்வரும் சேர்மங்களும் வேறு. பூவோ காயோ உள்ள மாதிரியை அழுத்திக் காயவைத்து, கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டலச் சேமிப்பகத்திலோ திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் சேமிப்பகத்திலோ உறுதிசெய்து எண் வாங்கிய பிறகே சாறெடுக்கத் தொடங்குங்கள். பெயர் தவறினால் மீதி எல்லாம் வீண். காசினியம் அருகி வரும் கொடி; வேரோடு வெட்டி வாங்குவதைவிடத் தூய பெர்பெரின் குளோரைடு வாங்குவதே முறை. காப்புரிமை எண்ணம் இருந்தாலோ வெளிநாட்டு ஆய்வகத்துக்குச் சாறு அனுப்புவதானாலோ சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முன்கூட்டியே பார்க்க வேண்டும். 2002 சட்டம் 2023இல் திருத்தப்பட்டிருப்பதால் பழைய வழிகாட்டிகளை நம்ப வேண்டாம்.

ஆரிஸ் வைத்து வேலை செய்யும் மேசையை வழக்கமான குவாட்டர்னரி அம்மோனியம் கரைசலால் துடைத்தால் அது போகாது. குளோரின் அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு வகைக் கிருமிநாசினி வேண்டும். தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யும்போது ஒட்டும் படலத்தின் ஒரு மூலையைத் தூக்கிவிட்டு வையுங்கள், நீராவி உள்ளே போகட்டும். எண்ணெய்த் தட்டுகளைத் தனியாகச் செய்வது நல்லது, இல்லாவிட்டால் வாரக்கணக்கில் எல்லா ஊடகத்திலும் கிராம்பு வாசனை வரும்.